மாரியில் கெந்தும் ஆடு மாடுகள்: குளம்பு நோய் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை பிறந்து இரண்டு பெருமழை அடித்தால் போதும், எங்கள் வீட்டுப் படலையில் யாராவது வந்து நிற்பார்கள். "அண்ணை, ஆடு ஒன்று கெந்துது, ஒருக்கா வந்து பாருங்கோ." நான் மிருக வைத்தியன் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் கொஞ்ச ஆடும் ஒரு சிறிய மாட்டுப்பட்டியும் வைத்திருக்கிறேன். குளம்பு நோயில் அடிபட்டு, டொக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டுப் படித்ததுதான் என் படிப்பு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஊசியும் மருந்தளவும் டொக்டரின் வேலை. அவர் வருவதற்கு முன்னும் வந்து போன பின்னும் நாம் செய்ய வேண்டியதுதான் இதில் அதிகம்.

ஆடு கெந்துகிறது. முதலில் என்ன மருந்து போடுவது?

முதலில் காலைத் தூக்கிப் பாருங்கள். மருந்து கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் காலைத் தூக்கியே பார்த்திருக்க மாட்டார்கள். "சேற்றுப் புண்ணாக இருக்கும்" என்று ஊகித்துவிட்டு வருவார்கள். போய்ப் பார்த்தால் விடத்தல் முள் ஒன்று குத்தி நிற்கும்.

ஆட்டைக் கம்பத்தோடு கட்டி, அதன் வால் பக்கம் பார்த்தபடி பக்கத்தில் நின்று, காலை முழங்கால் மடியும் திசையிலேயே மடித்துப் பிடியுங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால் அதற்கு நோகும், உங்களுக்கும் உதை விழும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் எடுத்துச் சேற்றைக் கழுவுங்கள். பிறகு, இரண்டு குளம்புக்கும் இடையிலுள்ள தோல், அடிப்பகுதி, குளம்புச் சுவரின் ஓரம், குளம்பும் மயிரும் சேரும் விளிம்பு என்று வரிசையாகப் பாருங்கள். நோகாத காலையும் தொட்டுப் பாருங்கள். எந்தக் குளம்பு சூடாக இருக்கிறது என்று கைக்குத் தெரியும். கடைசியாக முகர்ந்து பாருங்கள். குளம்பழுகலின் நாற்றத்தை ஒருதரம் முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

மாடு என்றால் தனியாகச் செய்யாதீர்கள். கயிறு போட்டு மாட்டை விழுத்தத் தெரிந்த ஆள் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார், அவரைக் கூப்பிடுங்கள். விழுத்திய மாட்டை நீண்ட நேரம் பக்கவாட்டில் கிடத்தி வைத்தால் வயிறு ஊதிவிடும். பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் எழும்ப விடுங்கள்.

குளம்பிடுக்கு மட்டும் சிவந்து வெளிறியிருக்கிறது. குளம்பு நல்லாக இருக்கிறது. இதுவும் அழுகலா?

இது அழுகலின் வாசற்படி. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் ஆட்டின் குளம்பிடுக்குத் தோல், வயலில் நின்ற நம் கால்விரல் இடுக்கு மாதிரியே ஊறி வெளிறிப்போகும். சாணத்திலும் சேற்றிலும் எப்போதும் இருக்கிற ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி அந்த ஊறிய தோலுக்குள் புகும். இந்தக் கட்டத்தில் காய்ந்த இடமும் ஒரு குளம்புக்குளியலும் போதும், சில நாளில் ஆடு காலை ஊன்றிவிடும்.

டைக்கெலோபாக்டர் நொடோசஸ் என்ற இன்னொரு கிருமி இதோடு சேரும்போதுதான் உண்மையான குளம்பழுகல் தொடங்குகிறது. அது குளம்பின் கெட்டியான ஓட்டுப் பகுதியை அடிச்சதையிலிருந்து பிரித்துக்கொண்டே உள்ளே போகும். சாம்பல் நிறப் பசையும் நாற்றமும் அப்போதுதான் வரும். முன்காலிரண்டும் நோகும் ஆடு முழங்காலில் நின்று மேயும். அப்படி மேய்கிற ஆட்டைக் கண்டால், "பணிந்து மேயுது" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

இந்த இரண்டாவது கிருமி வெளியே வெறும் மண்ணில் அதிக நாள் உயிரோடு இருக்காது, ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை. குளம்பின் பிளவுகளுக்குள் என்றால் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதாவது நோயைச் சுமந்து திரிவது உங்கள் காணி அல்ல, உங்கள் ஆடு. நோயாட்டைப் பிரித்து, அவை நின்ற இடத்தை இரண்டு கிழமை வெறுமையாக விட்டால் அந்த இடம் தூய்மையாகிவிடும்.

கால்வாய் நோயா (காலிலும் வாயிலும் கொப்புளம் வரும் கோமாரி) குளம்பழுகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாட்டில் சாதாரணக் குளம்பிடுக்கு அழுகல் பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். திடீரென்று வீங்கி, இரண்டு குளம்பும் அகன்று நிற்கும், நாறும். காய்ச்சலும் இருக்கலாம், பாலும் குறையலாம். பக்கத்து மாடு நல்லாக மேய்ந்துகொண்டிருக்கும்.

கால்வாய் நோய் வைரஸ். ஒரே பட்டியில் பல மாடுகள் இரண்டொரு நாள் இடைவெளியில் படுக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கால் நோகும். வாயில் நுரை தள்ளி எச்சில் நூல் நூலாக வடியும், நாக்கிலும் முரசிலும் (ஈறு) கொப்புளம், சில மாட்டுக்கு மடிக்காம்பிலும் கொப்புளம். எனவே காலைப் பார்க்கும்போது வாயையும் திறந்து பாருங்கள். ஆடுகளில் வாய்ப்புண் சரியாகத் தெரியாமல் வெறும் நொண்டலாக மட்டும் வந்து போவதும் உண்டு.

சந்தேகம் வந்த உடனே உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இது சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். "சொன்னால் மாட்டை விற்க விடமாட்டார்கள்" என்று மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்த மாடு போகிற அடுத்த ஊரிலும் நம் சொந்தக்காரர்தான் இருக்கிறார்கள். பட்டியை விட்டு மாட்டை வெளியே விடாதீர்கள். மற்றவர் பட்டிக்கு நீங்களும் போகாதீர்கள். உங்கள் செருப்பிலும் பால் கானிலும் அது போகும். சலவைச் சோடா 400 கிராமை 10 லீட்டர் தண்ணீரில் கரைத்துச் செருப்பு, வாளி, கத்தி எல்லாவற்றையும் கழுவலாம். சவர்க்காரத்தை விட அது இந்த வைரஸை நன்றாகக் கொல்லும்.

தடுப்பூசி அலுவலகத்தில் போடுகிறார்கள். ஒருதரம் போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். அதன் பலம் சில மாதங்களில் இறங்கிவிடும். அடுத்த முறை எப்போது என்று கேட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கள்.

குளம்புக்குளியல் எப்படிச் செய்வது? என்ன கலவை?

இரண்டு மருந்து இங்கே எளிதாகக் கிடைக்கும். ஒன்று நாகச் சல்பேற்று. நெல்லுக்குப் போடுவதற்கு உரக்கடையில் விற்கிறார்கள், சிங்க் சல்பேற் என்று கேளுங்கள். 10 லீட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. மற்றது மயில்துத்தம், நம் பெரியவர்கள் துருசு என்பார்கள். 10 லீட்டருக்கு அரைக் கிலோ. நான் நாகத்தைத்தான் விரும்புகிறேன். துருசில் உள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சு, குடித்துவிட்டால் ஈரல் கெட்டுச் சாகும். வெள்ளாடு கொஞ்சம் தாங்கும், அதற்காகக் குடிக்க விடக்கூடாது. குளியலுக்கு முன் எல்லா ஆட்டுக்கும் வயிறு நிறையத் தண்ணீர் வைத்தால், மருந்துத் தண்ணீரில் வாய் வைக்காது.

பெரிய தொட்டி கட்ட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து ஆட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின் போதும். தகர வாளி வேண்டாம், இந்தக் கலவைகள் தகரத்தை அரித்துவிடும். முதலில் வெறும் தண்ணீரில் காலைக் கழுவுங்கள். சேற்றுக் காலோடு இறக்கினால் மருந்தெல்லாம் சேற்றோடு போய்விடும். குளம்பு முழுதும் மூழ்கும்படி 10 நிமிடம் நிற்க வையுங்கள். நடத்திக்கொண்டு போனால் போதாது, நிற்க வேண்டும். என் வீட்டில் இந்தப் பத்து நிமிடமும் பிள்ளைகள் ஆளுக்கொரு பூவரசங் கொப்பை வைத்து ஆட்டுக்கு ஊட்டிக்கொண்டு நிற்பார்கள்.

நிறையப் பேர் கோட்டை விடுவது அதற்குப் பிறகு. குளியல் முடிந்த ஆடு ஒரு மணி நேரமாவது காய்ந்த தரையில் நிற்க வேண்டும். நேரே சேற்றுக்குள் விட்டால் மருந்தும் வீண், உங்கள் உழைப்பும் வீண். கிழமைக்கு ஒருதரம், நோய் அடங்கும்வரை செய்யுங்கள். மிஞ்சிய கலவையைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். துருசு மீனைக் கொன்றுவிடும். கிணற்றுக்குத் தூரமாகக் குழி தோண்டி ஊற்றுங்கள்.

ஃபோர்மலின் கலந்து செய்கிறவர்களும் உண்டு. மூக்கும் கண்ணும் எரிகிற அந்தச் சாமானை நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை.

அழுகிய குளம்பை வெட்டி எடுக்க வேண்டுமா?

பழைய முறை அப்படித்தான். இரத்தம் வருமட்டும் செதுக்கிவிட்டு மருந்து போடுவது. நானும் பல வருடம் அப்படிச் செய்தவன்தான். இங்கிலாந்தில் செம்மறிகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வெட்டாமல் ஊசியும் ஸ்பிரேயும் மட்டும் போட்ட ஆடுகளே விரைவாகத் தேறின. வெட்டிய குளம்புகள் ஆறப் பிந்தின. என் கொட்டிலிலும் அதையே கண்டேன். தொங்குகிற, கையோடு வருகிற செத்த ஓட்டை மட்டும் எடுங்கள். நோய் ஆறி, ஆடு நன்றாக நடந்த பிறகு, நீண்டு வளைந்த குளம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்கலாம். வெள்ளையாகத் தெரிகிற இடம் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கினால் அதற்கு மேல் கத்தி போகக்கூடாது. ஒவ்வொரு ஆட்டுக்கும் இடையில் கத்தியை மருந்தில் தோய்த்தெடுங்கள். வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி எரியுங்கள்.

புழுப் பிடித்துவிட்டது. என்ன செய்வது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளம்பு நோயில் மிருகத்தை உண்மையில் தின்பது இதுதான்.

இரண்டு வகை ஈ இருக்கிறது. சாதாரணப் பச்சை ஈயின் புழு பெரும்பாலும் செத்த சதையைத்தான் தின்னும். மற்றது உயிருள்ள சதையைத் துளைத்துப் போகும் ஈயின் புழு, இந்தப் பக்கத்து நாடுகளெங்கும் உள்ளது. அந்த ஈ, புண்ணின் ஓரத்தில் ஒரே தரத்தில் நூறுக்கு மேல் முட்டை இடும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிக்கும். புழு தலை உள்ளேயும் வால் வெளியேயுமாகத் திருகாணி போலத் துளைத்து இறங்கும். ஏறக்குறைய ஒரு கிழமையில் கொழுத்து, கீழே விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, அதற்கடுத்த கிழமையளவில் புதிய ஈயாகப் பறக்கும். ஆகவே மாலையில் சின்னக் கீறலாகப் பார்த்த குளம்பிடுக்கு, இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் குழியாகிவிடும். மாடு காலை அடிக்கடி உதறும், நக்கும், கூட்டத்தை விட்டு நிழலில் தனியே நிற்கும். இரத்தம் கலந்த தண்ணீர் வடியும்.

முதலில் புண்ணைச் சுற்றி மயிரை வெட்டி, உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். பஞ்சைத் தேர்ப்பன்ரைன் எண்ணெயில் நனைத்துக் குழியின் வாயில் சில நிமிடம் அடைத்தால் புழு மூச்சுக்காக வெளியே வரும். கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெயும் அதே வேலை செய்யும், எரிவும் குறைவு. வந்த புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்ததைக் கீழே போடாதீர்கள்! ஒரு பேணியில் உப்புத் தண்ணீரோ மண்ணெண்ணெயோ வைத்து அதற்குள் போடுங்கள். மண்ணில் விழுந்த புழுதான் அடுத்த கிழமை ஈ. புழு எல்லாம் வந்துவிட்டதென்று முதல் நாளே நம்பவும் கூடாது. ஐந்து நாளாவது தினமும் திறந்து பாருங்கள். குழி சுத்தமானதும் அயடின் போட்டு, புண்ணின் ஓரத்தில் மட்டும் வேப்பெண்ணெய் தடவுங்கள். ஈ கிட்ட வராது.

அன்னமுன்னா இலையை அரைத்து வைக்கும் வழக்கமும் எங்களிடம் உண்டு. அது புழுவைக் கொல்லும். கொட்டையை மட்டும் அரைக்காதீர்கள், அந்தத் தூள் கண்ணில் பட்டால் பெரிய வில்லங்கம். குழி ஆழமாக இருந்தால் டொக்டர் ஐவர்மெக்ரின் ஊசி போடுவார். பால் கறக்கும் மாடு என்றால் அதை முதலே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மண்ணெண்ணெய், கழிவு ஒயில், சூட்டுக்கோல் எல்லாம் எங்கள் அப்பு காலத்திலிருந்து செய்ததுதானே?

செய்தோம். என் முதல் மறி (பெட்டை ஆடு) ஒன்றுக்கு நான் மண்ணெண்ணெய் ஊற்றினேன். புழு செத்தது, சுற்றியிருந்த நல்ல சதையும் வெந்து உரிந்தது. செத்த சதையில் திரும்ப ஈ வந்தது. மண்ணெண்ணெய் பேணிக்குள் இருக்கட்டும், புண்ணுக்குள் வேண்டாம். கழிவு ஒயில் ஈயை விரட்டும் என்பது உண்மை. ஆனால் இயந்திரத்தில் தேய்ந்த உலோகமெல்லாம் அதில் இருக்கிறது, மிருகம் அதை நக்கிக்கொண்டே இருக்கும். நொண்டுகிற காலில் சூடு வைப்பதால் ஒரு நோயும் மாறுவதில்லை. சூட்டு நோவில் குளம்பு நோவு மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

ஊசி போட்டால் பால் குடிக்கலாமா?

அழுகல் ஓட்டுக்குள் போய்விட்டாலோ, வீக்கம் மேலே ஏறினாலோ, காய்ச்சல் இருந்தாலோ வெளிமருந்து போதாது. டொக்டர் பெரும்பாலும் நீண்டநாள் வேலை செய்யும் ஒக்சிரெற்றாசைக்கிளின் போடுவார். அந்த மருந்து பாலில் வரும். எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும், எத்தனை நாள் இறைச்சிக்குக் கொடுக்கக் கூடாது என்பது போத்தலில் எழுதியிருக்கும். டொக்டர் போவதற்கு முன் கேட்டுக் கொட்டில் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவிடுங்கள். பால் சேகரிக்கும் இடத்துக்கு அந்தப் பாலை ஊற்றுவது ஊராரின் வயிற்றில் மருந்து ஊற்றுவது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்பதும் சரியில்லை.

மிச்சமான ஊசி மருந்தைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு அரைவாசி போடும் பழக்கத்தை விடுங்கள். அரைவாசி மருந்து கிருமிக்குப் பயிற்சி கொடுக்கும்.

எத்தனை நாளில் சுகம் வரும்?

சிவந்த குளம்பிடுக்கு இரண்டு மூன்று நாள். மாட்டின் குளம்பிடுக்கு அழுகலுக்கு முதல் நாளே ஊசி போட்டால் ஐந்து நாளுக்குள் நடை திரும்பும். ஆட்டின் குளம்பழுகல் ஒன்று, இரண்டு கிழமை. கால்வாய் நோயில் வாய் முதலில் ஆறும், கால் மூன்று கிழமையும் இழுக்கும். சில மாடு குளம்போட்டையே கழற்றிவிடும். அதற்குப் பிறகும் வெயில் தாங்காமல் இளைத்துக்கொண்டு நிற்கும் மாடுகள் உண்டு, அவற்றின் பால் பழையபடி வருவது அரிது.

ஊசி போட்டு மூன்று நாளில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் நோய் வேறு. மூட்டுக்குள் போயிருக்கலாம், முள் உள்ளே இருக்கலாம். காத்திருக்காமல் திரும்பக் காட்டுங்கள்.

நோவான மிருகம் தண்ணீருக்கு நடக்காது. அதுதான் பலரும் கவனிக்காதது. நோயைவிடப் பட்டினியிலும் தாகத்திலும் மெலிந்து போகும். தண்ணீரும் குழையும் அதன் வாய்க்கருகே வையுங்கள். கிளிசரியா, பூவரசு, முருங்கை எது கிடைக்குமோ அது. மேய்ச்சலுக்குப் போகும் கூட்டத்தோடு துரத்தாதீர்கள். கால் ஆறிய பிறகும் இரண்டு கிழமை தனியே வைத்துவிட்டுத்தான் கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

முள்ளும் ஆணியும் குத்தினால்?

வன்னி மண்ணில் இது தனிக் கதை. விடத்தல், காரை, ஈச்சு என்று முள்ளுக்குக் குறைவில்லை. யுத்தத்துக்குப் பிறகு முட்கம்பியும் தகரமும் செல் துண்டும் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கின்றன. குளம்படியில் ஒரு கறுத்த புள்ளி, அதை அழுத்தினால் மாடு காலை உருவும். அங்கேதான் சீழ். டொக்டர் அந்தத் துளையைத் திறந்து சீழை விட்டதும் அன்றைக்கே மாடு காலை ஊன்றுவதைப் பார்க்கலாம். துளையை உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, அயடின் பஞ்சு வைத்து, மேலே சாக்குத் துண்டால் காலுறை மாதிரிக் கட்டுங்கள். ஈரமானால் மாற்றுங்கள்.

ஏற்புவலி (ரெற்றனஸ்) பற்றி டொக்டரிடம் கேளுங்கள். ஆழமாகக் குத்திய காயத்தில் காற்றுப் படாத இடத்தில்தான் அந்தக் கிருமி வளரும். ஆடு, குதிரை இரண்டுக்கும் அது மிக எளிதாக வரும். மாடு கொஞ்சம் தாங்கும்.

அரிவு வெட்டிய பிறகு மாடு நாலு காலும் நொந்து நிற்கிறது. புண் ஒன்றும் இல்லையே?

நெற்குவியலில் வாய் வைத்ததா என்று யோசித்துப் பாருங்கள். களத்தில் நெல்லையோ கலியாண வீட்டு மிச்சச் சோற்றையோ வயிறு முட்டத் தின்ற மாட்டின் வயிறு புளித்து, அந்த அமிலம் இரத்தத்தில் ஏறி, குளம்புக்குள் இருக்கும் சதை வீங்கும். ஓட்டுக்குள் வீங்க இடமில்லை, அதனால்தான் அந்த நோவு. முதலில் உயிருக்கு ஆபத்து வயிற்றால்தான். அன்றைக்கே டொக்டரைக் கூப்பிடுங்கள். பிழைத்த மாட்டின் குளம்பில் பிறகு வளையம் வளையமாகக் கோடு விழும். மாட்டுக் குளம்பு மாதம் அரை சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். அந்தக் கோடு கீழே இறங்கி மறைய ஒரு வருடத்துக்கு மேலாகும்.

மாரியில் பட்டி முழுக்கச் சேறு. என்னதான் செய்வது?

என் அனுபவத்தில் எல்லா மருந்தையும் விட இதுதான் பெரிய மருந்து. ஐப்பசிக்கு முன் பட்டியை மேட்டுக்குக் கொண்டு போங்கள். காலபோகம் (மாரிகால நெற்செய்கை) தொடங்கினால் வயற்பக்கம் மாட்டை விட முடியாது, காட்டோரம் ஒதுங்கத்தான் வேண்டும். ஒதுங்கும் இடத்தை வெயில் காலத்திலேயே பார்த்து வையுங்கள். மழை தொடங்கின பிறகு தேடினால் கிடைப்பது மற்றவர்கள் விட்ட பள்ளம்தான்.

முழுப் பட்டிக்கும் கிரவல் போட யாரிடம் காசு இருக்கிறது? வாசலுக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் மட்டும் ஒரு லோட் கிரவல் பரப்புங்கள். எல்லா மாடும் ஒரு நாளில் பல தடவை மிதிக்கும் இடம் அவைதான், சேறு தொடங்குவதும் அங்கேதான். படுக்க ஒரு மூலையில் உமியோ வைக்கோலோ தடிப்பாகப் போட்டு, நனைந்ததை அள்ளுங்கள். வாசலில் நீற்றுத்தூள் தூவுவது ஈரத்தை உறிஞ்சும். புண்ணான காலில் நீறு நேரே படக்கூடாது.

ஆட்டுக்குப் பரண் கொட்டில் கட்டுங்கள். பனஞ்சலாகை அடித்தால் பல வருடம் நிற்கும். சலாகைகளுக்கிடையில் அரை அங்குல இடைவெளி போதும். புழுக்கை கீழே விழும், குட்டியின் கால் சிக்காது. பரண் கட்டின வருடத்திலிருந்து என் ஆடுகளுக்கு நாகக் குளியல் மாரிக்கு இரண்டு மூன்று தரம்தான்.

2022 மார்கழியில் மாடுகள் செத்தது குளம்பு நோயாலா?

இல்லை. அது மாண்டஸ் புயலோடு வந்த குளிரும் மழையும் காற்றும். வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடும் ஆடும் செத்தன. ஆனால் ஏற்கெனவே மெலிந்து, கால் நொந்து, மேயாமல் நின்ற மாடு அப்படியொரு இரவைத் தாங்காது என்பதை எந்தப் பட்டிக்காரரும் சொல்வார்.

புதிதாக ஆடு வாங்குகிறேன். எதைப் பார்ப்பது?

நாலு காலையும் தூக்கிப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாகக் குளியல், பிறகு மூன்று கிழமை தனியே. ஜமுனாபாரிக் கிடாய் என்று பெரிய விலை கொடுத்து வாங்கி, அடுத்த நாளே மறிகளோடு விட்டு, மாதத்துக்குள் கொட்டில் முழுக்க நொண்ட வைத்தவரை எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அது நான்தான்.

குதிரைக்கும் கழுதைக்கும் இதே வைத்தியமா?

வவுனியாப் பக்கம் குதிரை வளர்க்கும் ஒருவர் கேட்டார். மன்னார்க் கழுதைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். இவற்றுக்குக் குளம்பு ஒன்றுதான், இடுக்கு இல்லை. அதனால் ஆட்டின் குளம்பழுகல் வராது. கால்வாய் நோயும் குதிரைக்கும் கழுதைக்கும் வராது. பட்டியில் நோய் என்றால் குதிரைக்குப் பயமில்லை, ஆனால் அதன் காலில் ஒட்டிய சேறு நோயைக் கடத்தும்.

குதிரையின் குளம்படியில் முக்கோணமாக, றப்பர் மெத்தை மாதிரி ஒரு பகுதி உண்டு. அதன் இரு பக்கப் பள்ளத்திலும் நடுப்பிளவிலும் சாணமும் சேறும் அடைபட்டால் கறுத்த தார் போன்ற கசிவும் நாற்றமும் வரும். நாம் மேலே சொன்ன ஃபியூசோபாக்டீரியம்தான் இங்கும் முக்கிய ஆள். தினமும் கொக்கியால் பள்ளத்தைத் தோண்டிச் சுத்தம் செய்து, துடைத்துக் காயவிட்டு, அயடின் போட்டால் லேசானது இரண்டு கிழமைக்குள் மாறும். நடுப்பிளவுக்குள் விரல் நுழையுமளவு ஆழமென்றால் மாதங்கள் எடுக்கும். ஐதரசன் பேரொட்சைட்டைத் தினமும் ஊற்றாதீர்கள், புது சதையையும் அது எரிக்கும்.

இன்னொன்று குளம்புச் சுவருக்கும் அடிக்கும் இடையில் பொடிந்துகொண்டே மேலே ஏறும் நோய். பூஞ்சையும் கிருமியும் சேர்ந்து அரிப்பது. சுண்ணாம்புத் தூள் மாதிரி உதிரும், தட்டினால் வெறும் பானை போலச் சத்தம் கேட்கும். அந்தக் கிருமிகளுக்குக் காற்று ஆகாது. பிரிந்த சுவரை டொக்டரோ லாடம் அடிப்பவரோ வெட்டித் திறந்து விட வேண்டும், மருந்தை வெளியே பூசி ஒன்றும் நடக்காது. குதிரைக் குளம்பு மாதம் 6 முதல் 10 மில்லிமீற்றர் வளரும். வெட்டிய சுவர் மேலிருந்து முனைவரை திரும்ப வர ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். கழுதைக்கு இது இன்னும் எளிதாக வரும். அது வறண்ட தேசத்துப் பிராணி, அதன் குளம்பு தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சும்.

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு யார் குளம்பு வெட்டுகிறார்கள் என்று ஒரு தம்பி கேட்டான். கல்லும் வறண்ட புல்தரையும் நாள் முழுக்க நடையும்தான் வெட்டுகின்றன. அதே குதிரையை ஈரக் கொட்டிலில் கட்டிப் போட்டால் கதை வேறு.

திரும்பத் திரும்ப அதே ஆட்டுக்கே வருகிறது. விற்றுவிடலாமா?

ஒரே மாரியில் மூன்று தரம் நோய் பிடித்த ஆட்டை நான் வைத்திருப்பதில்லை. அதன் குளம்பு அமைப்பே அப்படி, குட்டிகளுக்கும் அந்தக் குளம்பே வரக்கூடும். வளர்க்கிறவருக்கு விற்காதீர்கள், இன்னொரு கொட்டிலுக்கு நோயை விற்றதாகும். கால் ஆறி, மருந்து நாள் கழிந்த பிறகு இறைச்சிக்குக் கொடுங்கள். பிள்ளைகள் பேர் வைத்து வளர்த்த ஆடு என்றால் என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். அப்படி ஒன்று, இரண்டு காலும் கோணலாக, எங்கள் வீட்டுப் பூவரசடியில் இன்னும் நிற்கிறது.